சுருக்கிய பெயரும் சுருங்கிய உள்ளமும்

சென்ற யுகாதித் திருநாளன்று நமது இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை நேயர்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிட விரும்புகிறோம். அதனால் நமக்குப் பெருமை ஏதும் இல்லை. ஆயினும் பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் எவர் வீட்டிலும் அது நிகழக்கூடியது என்பதால் எழுதத் துணிந்தோம்.

நாகபுரி ரெயில்வே குடியிருப்பில் நமக்கு அடுத்த வீட்டில் வசிப்பவர் ஒரு தெலுங்கு அன்பர். எஞ்சின் ஓட்டுநர்; நம்மைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மூன்றாண்டுகளுக்கு முன் நமது மனைவியார் மஞ்சட்காமாலையால் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, இருபது நாள் நமது குடும்பத்திற்குச் சோறு வடித்துத் தந்தவர் அவருடைய துணைவியார். யுகாதியன்று காலை, வேப்பம்பூவும் வெல்லமும் புளியும் மாங்காயும் கலந்த பச்சடியைக் கிண்ணத்தில் ஏந்தி அவ்வம்மையார் நமது வாயிலுக்கு வந்தார். கதவைத் திறந்த நமது ஒன்பது வயது மகன் உட்புறம் திரும்பி, "அம்மா, கொல்டி அத்தை வந்திருக்கிறார்கள்!" என்று உரக்கக் கூவினான்.

அம்மையாரின் முகம் வாடியது. கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிச் சென்றுவிட்டார்.

பையனைக் கடிந்துகொண்டோம். அவன் மிரண்டு போய், "நீங்கள்தானே அப்பா, ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் 'பக்கத்து வீட்டுக் கொல்டி' என்று சொல்கிறீர்கள்? அது கெட்ட சொல்லா?" என்று கேட்டான். சற்றுப் பொறுத்து, "பள்ளிக்கூடத்தில் என்னை 'மதராஸி' என்றார்களே, அது போன்ற சொல்லா?" என்றும் கேட்டான்.

நமக்கு நா எழவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் அந்த 'மதராஸி'க்காகப் பள்ளித் தலைமையாசிரியருக்கு இரண்டு பக்கம் புகார் எழுதியவர் நாமே அன்றோ!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 'மதராஸி' என்றால் நமக்கு ஏன் சுடுகிறது என்று எண்ணிப் பார்த்தோம். அச்சொல் தோன்றிய காலத்தில் அதில் பிழையில்லை. சென்னை மாகாணத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், கன்னடர் ஆகிய அனைவரும் வாழ்ந்தனர். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. 1969-இல் சென்னை மாநிலம் 'தமிழ்நாடு' ஆயிற்று. 1996-இல் நகரின் ஆங்கிலப் பெயரும் 'சென்னை' என மாறியது. மதராஸ் போயிற்று, மதராஸி மட்டும் போகவில்லை. நான்கு மொழிகளையும், நான்கு இலக்கியங்களையும், கோடிக்கணக்கான மக்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'நீ யார் என்று அறிய எனக்கு அவசியமில்லை' என்று சொல்லும் அலட்சியமே நம்மைச் சுடுகிறது.

அப்படியாயின் பெயரைச் சுருக்குவதே குற்றமா? அன்று. ஆஸ்திரேலியர் தம்மை 'ஆஸி' என்று சொல்லிக்கொள்வதில் மகிழ்கின்றனர். நமது அலுவலகத்து வங்காளி நண்பர் தம்மை 'பாங்' என்றும், மலையாளி நண்பர் தம்மை 'மல்லு' என்றும் சிரித்தவாறே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் அதே முறையில் சுருக்கப்பட்ட 'பாக்கி' என்னும் சொல், இங்கிலாந்தில் நம் துணைக்கண்டத்து மக்கள் அனைவர் மீதும் வீசப்படும் வசையாகிவிட்டது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் 'ஜாப்' என்ற சுருக்கம் ஜப்பானிய வமிசத்தினரை எவ்வளவு புண்படுத்தியது என்பதும் உலகறிந்தது. ஆகவே குற்றம் எழுத்துக் குறைவதில் இல்லை. யார், யாரை, எந்த மனத்தோடு அழைக்கிறார் என்பதிலேயே இருக்கிறது. 'மல்லு' என்று தம்மையே சொல்லிக்கொள்ளும் நண்பரை, அவரோடு பழகாத ஒருவர் வரிசையில் நின்று 'ஏ மல்லு' என்று விளித்தால் அவருக்கு இனிக்குமா?

நல்ல சொல்லும் வசையாகும் என்பதற்கு நம் இனத்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1860-இல் 'ட்ரூரோ' என்னும் கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். முனுசாமி, வீராசாமி, கந்தசாமி என்று அவர்களிற் பலருக்கும் பெயர் 'சாமி'யில் முடியும். வெள்ளையர் அதனைப் பிய்த்தெடுத்து, இந்தியர் அனைவரையும் 'சாமி' என்று ஏளனமாய் அழைக்கலாயினர். 1893-இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டதையும், இந்தச் 'சாமி'யின் கதையையும் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆண்டவனைக் குறிக்கும் சொல்லே அவமதிப்பானது! கேரளத்தில் சிலர் நம்மைப் 'பாண்டி' என்பர். கன்னட நாட்டில் சிலர் 'கொங்க' என்பர். பாண்டிய நாடும் கொங்கு நாடும் நமக்குப் பெருமையே. ஆயினும் சொல்பவர் குரலில் இளக்காரம் இருந்தால், பெருமையும் கல்லாகி நெற்றியில் படுகிறது.

இது வெறும் சொல்தானே என்று தள்ளிவிடவும் இயலாது. 1966-க்குப் பின் பம்பாயில் தென்னாட்டவர்க்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில், நமது உடையையும் பேச்சையும் கேலி செய்த சொற்களே முன் நடந்தன. கற்கள் பின்னால் வந்தன. 2014 ஜனவரியில் டில்லிக் கடைவீதி ஒன்றில், தோற்றத்தைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அதன் பின்னரே வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய பெஸ்பரூவா குழுவை மத்திய அரசு அமைத்தது. 'சிங்கி' என்ற இழிசொல்லை வேடிக்கை என்று எண்ணி வழங்குவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

இனி, நம் பக்கத்தையும் பார்ப்போம். தமிழ்நாட்டில் வடக்கிலிருந்து வந்த வணிகர் எவராயினும், குஜராத்தியோ மார்வாரியோ, நமக்கு அவர் 'சேட்டு'. கட்டடம் கட்டவும் ஆலையில் உழைக்கவும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் இளைஞர் அனைவரும் 'வடக்கன்'. புலம்பெயர் தொழிலாளரைப் பற்றிய ஒரு தமிழ்த் திரைப்படத்திற்கு அச்சொல்லையே பெயராக இட்டிருந்தனர். தணிக்கைக் குழு மறுத்தமையால் 2024-இல் அது 'ரயில்' என்ற பெயரில் வெளியாயிற்று. நாகபுரியில் நாம் 'மதராஸி'. நமது ஊரில் அவர் 'வடக்கன்'. இரண்டையும் ஏற்றிவரும் வண்டி ஒன்றே.

நாம் பார்சல் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்ப்பவர். ரெயில்வேயில் ஊர்ப் பெயர்களைச் சுருக்கியே எழுதுவோம். நாகபுரிக்கு மூன்றெழுத்து, சென்னை சென்ட்ரலுக்கு இன்றைக்கும், பழைய மதராஸின் நினைவாக, 'எம்.ஏ.எஸ்.' என்ற மூன்றெழுத்தே. மூட்டைமீது அதனை எழுதி ஒட்டுகிறோம், மூட்டை வருந்துவதில்லை. ஆனால் மூட்டைக்குப் போதுமான குறியீடு மனிதருக்குப் போதுமா? நாளெல்லாம் மூட்டைக்குச் சீட்டு ஒட்டிய கை, மாலையில் அண்டை வீட்டாருக்கும் ஒட்டிவிட்டது போலும்.

மறுநாள் மாலை மகனையும் அழைத்துக்கொண்டு அடுத்த வீட்டிற்குச் சென்றோம். பையன் மீது பழி போட மனம் வந்தது உண்மை. குழந்தை அறியாமல் சொல்லிவிட்டான் என்றால் காரியம் எளிதாய் முடிந்திருக்கும். ஆனால் அவன் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, அச்சொல் எங்கள் வீட்டில் எம்மிடம் கற்றது. தவறு எம்முடையது, பொறுத்தருள வேண்டும்" என்றோம்.

அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. எஞ்சின் ஓட்டுநர்தாம் தமக்குத் தெரிந்த தமிழில், "தம்பி, நான் மெட்ராஸ் பக்கம் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். அந்தச் சொல்லை நிறையக் கேட்டிருக்கிறேன். நீங்களும் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை" என்றார். அவர் கோபித்திருந்தால் நமக்கு இவ்வளவு வருத்தம் இருந்திராது. பிறகு அம்மையார் பையனை அருகழைத்துத் தலையைத் தடவி, உண்பதற்கு முறுக்குத் தந்தார். பச்சடிக் கிண்ணத்தைக் கழுவி, அதில் கொஞ்சம் வெல்லப் பொங்கல் வைத்து நமது மனைவியார் அனுப்பியிருந்தார். அதனைப் பெற்றுக்கொண்டார்கள். ஆயினும் பழைய கலகலப்பு முழுதும் திரும்பிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அதற்கு நாளாகும்.

அன்று முதல் நமது வீட்டில் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டோம். ஒருவரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் பேசும்போதும், அவர் எதிரில் நின்றால் எப்படி அழைப்போமோ அப்படியே குறிப்பிடுவது. பெயர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வது. அவர் தமக்கு வைத்துக்கொண்ட செல்லப்பெயரை, அவர் அனுமதி தந்தாலன்றி நாம் எடுத்தாளாதிருப்பது. செலவில்லாத வழக்கம், ஆனால் தொலைபேசியில் பேசும்போது இரண்டொரு முறை நாக்கைக் கடித்துக்கொள்ள நேர்ந்தது.

பள்ளிக்கு மற்றொரு புகார் எழுத வேண்டியிருந்தால் எழுதுவோம். 'மதராஸி' என்று அழைக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது நமது கருத்தன்று. ஆனால் அந்தக் கடிதத்தில் கையொப்பமிடும் உரிமை, முதலில் நமது வீட்டுக் கூடத்தில் சம்பாதிக்கப்பட வேண்டும். நேயர்களும் இன்றிரவு உணவு வேளையில், தம் குழந்தைகளிடம் அண்டை வீட்டாரின் பெயரைக் கேட்டுப் பார்ப்பார்களாக.