தண்டு பொறுக்கும் கமெரா

காய்ந்து கறுத்த தேயிலையில் செம்பழுப்புத் தண்டும் நாரும் கலந்து கிடந்தால் கொழும்பு ஏலத்தில் விலை விழும். இலங்கையின் ஊவாத் தோட்டத்து ஸ்டோர்களில், அதாவது தேயிலை ஆலைகளில், அதைப் பொறுக்குவது முன்பு பெண்களின் கைவேலை. இப்போது நிறம் பார்த்துப் பிரிக்கும் ‘கலர் சோர்ட்டர்’ மெஷின் வந்திருக்கிறது.

மேலே கொட்டும் தூள் சரிந்த தகடுகளில் மெல்லிய படலமாக வழுக்கி விழுகிறது. விழும்போதே கமெரா படம் பிடிக்க, உள்ளே உள்ள சிப் ஒவ்வொரு துணுக்கின் நிறத்தையும் வைத்த அளவோடு ஒப்பிடுகிறது. தண்டு என்று பட்டால், அது கீழே வந்து சேரும் கணத்தில் நுண்குழாய் ஒன்று காற்றை ஊதி வேறு பக்கம் தள்ளிவிடும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிகிறது. பக்கத்து நல்ல இலையும் சேர்ந்து பறக்கும் என்பதால், தள்ளியதை மறுபடி ஓட்டுவார்கள்.

இந்தக் கமெரா, சிப், மென்பொருள் எல்லாம் மேசைக் கணினியின் உறவினர்கள்தான். ஆனால் கணினிப் பெட்டியில் லாபம் வற்றி நாளாகிறது. ஐபிஎம் 1981இல் இறக்கிய பெட்டியைப் போலவே, பெரும்பாலும் அதே பாகங்களை வாங்கி மற்றவர்களும் பூட்டலாம் என்றானது. விலைப்போட்டி மூண்டது, லாபத்தின் பெரும்பங்கை இன்டெலும் மைக்ரோசாப்ட்டும் அள்ளின. 2005இல் ஐபிஎம் அந்தத் தொழிலையே லெனோவோவிடம் விற்றுவிட்டது. முதலீட்டாளர்களின் பணம் கைபேசிக்கும் தரவு மையங்களுக்கும் செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளுக்கும் நகர்ந்தது. கணினி விளையாட்டுக்குப் படம் வரையும் சிப் செய்து வளர்ந்த என்விடியா, 2024 ஜூனில் சில நாள் உலகிலேயே அதிக சந்தை மதிப்புள்ள நிறுவனமாக இருந்தது.

பணம் இப்படி இடம் மாறுவது ஊவாவுக்குப் பழகிய கதை. இலைநோய் கோப்பியை அழித்த பிறகு பணம் தேயிலைக்கு நகர்ந்தது; 1890இல் வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் தம்பத்தென்னையில் தேயிலைத் தோட்டம் வாங்கினார். தேயிலையும் மொத்தமாக விற்றால் கூலிக்கும் விறகுக்கும் போக மிச்சம் சொற்பம்தான். (லிப்டன் சம்பாதித்தது தன் பெயர் போட்ட பைக்கற்றில்.)

மறுபடி சோர்ட்டருக்கு வந்தால், அதில் சிக்கலே, வெளிர் நிறமாக இருப்பதெல்லாம் தண்டு அல்ல என்பதுதான். பொன்னிற மொட்டு நுனியும் வெளிர்தான்; அதற்கோ நல்ல விலை. அளவை ஒரு பொடி கூட்டி வைத்தால் மெஷின் அதையும் ஊதித் தள்ளிவிடும். ஆகவே அளவு வைப்பவருக்குத் தேயிலை தெரிந்திருக்க வேண்டும். 2005இல் தொடங்கிய பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினியும் தேயிலைத் தொழில்நுட்பமும் தனித்தனிப் பட்டப்படிப்புகள். இரண்டையும் ஒரே ஆள் படித்துவிட்டு ஸ்டோருக்குள் வந்தால், தோட்டத்துரை முதலில் அவரைத்தான் தேடுவார்.