வளவில் நிற்கும் லொறியும் ஓர் அமானிதமே



எமது ஊர்களில் பல வீட்டு வளவுகளில் பழைய லொறியொன்று நிற்பதைக் காண்கிறோம். நெல் மூட்டை, மணல், கல், விறகு எல்லாவற்றையும் அதுவே சுமக்கிறது. மனிதனின் சுமைகளைச் சுமந்து செல்லும் பிராணிகளைத் தனது அருட்கொடையாக அல்லாஹுத்தஆலா ஸூரத்துந் நஹ்லில் நினைவூட்டுகின்றான். லொறியும் அத்தகையதொரு நிஃமத்துதான். ஆனால் நிஃமத்துக்குக் கேள்வி கணக்கும் உண்டு.

"லொறி ஆண்களின் விடயம், எமக்கென்ன?" என்று எண்ணிவிடாதீர்கள். அது ஓடுவது தெருவில். நிற்பதோ உங்கள் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில்!

முதலாவது, பாரம். ஒரு கியூப் மணல் என்பது 100 கன அடி. காய்ந்த மணலே ஏறத்தாழ நாலரைத் தொன் வரும். நனைந்தால் இன்னும் கூடும். ஒரே நடையில் முடித்துவிட நினைத்து அளவுக்கு மீறி ஏற்றினால் பிரேக்கும் டயரும் தாங்காது. பட்டினி போட்டு ஓயாது வேலை வாங்கப்பட்ட ஒட்டகமொன்று நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்ததையும், அதன் சொந்தக்காரரை அன்னார் கண்டித்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். ஒட்டகம் அழுது முறையிட்டது. லொறி அழாது, இறக்கத்தில் பிரேக் பிடிக்காதபோதுதான் அதன் முறைப்பாடு எமக்குக் கேட்கும்.

இரண்டாவது, நிறுத்தி வைத்தல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபியவர்கள் ஒருவருக்குக் கூறியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பதே இன்று அந்தக் கட்டு. பல பழைய லொறிகளில் எஞ்சின் ஓடினால்தான் பிரேக்குக்கு முழுப்பலம் கிடைக்கும். எனவே, தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பிள்ளைகளைக் கூப்பிட விடாதீர்கள்.

மூன்றாவது, பின்னால் எடுத்தல். லொறியின் பின்பலகையோடு ஒட்டி நிற்கும் குழந்தை சாரதியின் கண்ணாடியில் தெரியாது. உம்மாவின் பொறுப்பு இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து வீட்டுக்குள் எடுங்கள். "எல்லோரும் உள்ளே" என்று நீங்கள் குரல் கொடுத்த பின்பே லொறி அசைய வேண்டும். இதை வீட்டுச் சட்டமாக்குங்கள்.

அயலவரின் ஹக்கையும் மறவாதீர்கள். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012 இல் அறிவித்தது. ஸுபஹ் வேளையில் அடுத்த வீட்டு ஜன்னலருகே எஞ்சினை ஓடவிட்டு வைப்பது முறையல்ல. ஒயில் ஒழுகும் லொறியைக் கிணற்றருகே நிறுத்துவதும் அவ்வாறே.

இரண்டு நடை போனால் டீசல் செலவு கூடும்தான். எனினும், "பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாகப் போங்கள்" என்று கணவரிடம் சொல்லத் தயங்காதீர்கள். அது எதிர்த்துப் பேசுவதல்ல, நஸீஹத். ஹலாலான உழைப்பு உயிருக்கு ஆபத்தாகிவிடக் கூடாதல்லவா?

வல்ல அல்லாஹ் எம் குடும்பங்களைப் பாதுகாப்பானாக! ஆமீன்.