கறுப்பு போகட்டும் என்று தேய்த்தேன்... தோல்தான் போனது!

இந்தப் பக்கத்தில் நீங்கள் எழுதும் கைவைத்தியக் குறிப்புகளை வெட்டி ஒட்டி ஒரு நோட்டே வைத்திருப்பவள் நான். ஆனால் இதுவரை ஒரு வரி எழுதிப் போட்டதில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று போனவள். தப்பும் தவறுமாக எழுதினால் சிரிப்பாங்களோ என்று ஒரு கூச்சம். முழங்கை, முழங்கால் கறுப்புக்கு என்ன செய்யலாம் என்று ஒரு சகோதரி கேட்டிருந்ததைப் பார்த்ததும், என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

எனக்கு வயது 37. மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன வருஷம் அவள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கும்மி நடனத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். கண்டாங்கிச் சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தூக்கிக் கட்டி, குட்டைக் கை ரவிக்கை போட்டு ஆட வேண்டும். ஒரு மாதமாக வீட்டில் ஒரே பாட்டும் ஆட்டமும்தான்.

ஒரு நாள் சாயங்காலம் முகம் வாடி வந்தாள். "நான் டான்ஸ்ல இல்லம்மா, பேரை எடுக்கச் சொல்லிட்டேன்" என்றாள். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. ஒத்திகையில் கூட ஆடுகிற ஒரு பெண்ணின் அம்மா, "முழங்கையும் முட்டியும் என்ன இப்படி அட்டக் கரியா இருக்கு? உங்க வீட்டுல தேய்ச்சுக் குளிப்பாட்ட மாட்டாங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார்.

பிள்ளைக்கு எவ்வளவு அவமானமோ, அதைவிட எனக்கு ரோஷம். வளர்த்ததையே குறை சொன்ன மாதிரி இருந்தது. "நீ பேரை எடுக்காதே. விழாவுக்கு இன்னும் 12 நாள் இருக்கு. பளிச்சுன்னு ஆக்கிக் காட்டறேன் பாரு" என்று சவால் விட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எதிர்வீட்டு அக்கா சொன்னது, போனில் பார்த்தது, என் நோட்டில் ஒட்டி வைத்தது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தேன். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி, அதில் சர்க்கரையும் ஆப்ப சோடாவும் தொட்டு, காலையும் மாலையும் தேய்த்தேன். அதுவும் போதாதென்று குளிக்கும்போது பீர்க்கங்கூடு போட்டு உரசினேன். "எரியுதும்மா" என்று கத்தினாள். "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், பொறுத்துக்கோ" என்றேன். இதை எழுதும்போதுகூட எனக்குக் கண் கலங்குகிறது.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எலுமிச்சம்பழம் தேய்த்த கையோடு, கழுவக்கூட விடாமல், "ஊறட்டும்" என்று சொல்லி, மொட்டை மாடியில் காயப் போட்டிருந்த வடகத்துக்குக் காவல் உட்கார வைத்தேன். பதினோரு மணி வெயில். மறுநாள் முழங்கை இரண்டும் சிவந்து போயின. அதற்கு மறுநாள் தீக்காயம் பட்ட மாதிரி கொப்புளம். முட்டியில் தோல் வழண்டு சட்டை துணி பட்டாலே துடித்தாள். என் வீட்டுக்காரர் பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கி வந்தார். நல்ல வேளை, ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதைப் போட விடவில்லை.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே பிள்ளையை? பாத்திரம் துலக்கற மாதிரியா தோலைத் துலக்குவாங்க? நாங்கெல்லாம் முட்டி போட்டுத்தான் வீடு மெழுகினோம். கறுப்பு இல்லாத முட்டி எவளுக்கு இருந்துச்சு? எண்ணெய் தடவுவோமே தவிர இப்படி உரிச்சதில்லை" என்று திட்டிவிட்டு, "முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று என்னைக் கிளப்பி விட்டார்.

தோல் டாக்டர் ஒரு அம்மா. பார்த்ததும், "எலுமிச்சையா?" என்றுதான் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முழங்கையிலும் முட்டியிலும் தோல் இயற்கையிலேயே தடிமனாம். அங்கே மடிப்பு அதிகம், எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. அதனால் சீக்கிரம் வறண்டு போகும். அந்த இடத்தைத் தினமும் ஊன்றினாலோ உரசினாலோ, உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் தடிமனாக்கும், நிறத்தையும் கூட்டும். "அது அழுக்கு இல்லம்மா. நீங்க தேய்க்கத் தேய்க்க அது இன்னும் கறுக்கத்தான் செய்யும்" என்றார்.

எலுமிச்சைக்கு வேறொரு குணமும் உண்டாம். அதன் சாறும் தோலில் உள்ள எண்ணெயும் நம் மேல் பட்டிருக்கும்போது வெயில் அடித்தால், அந்த இடம் வெந்து கொப்புளித்து, ஆறிய பிறகு முன்னைவிடக் கறுப்பாகத் தழும்பு விழும். அது மறைய வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் ஆகும். தவிர, நம் தோலின் புளிப்பு அளவு 5க்குப் பக்கம். எலுமிச்சைச் சாறு 2க்குப் பக்கம். இந்தக் கணக்கில் ஒவ்வொரு எண் குறையும்போதும் புளிப்பு 10 மடங்கு ஏறும். ஆப்ப சோடாவோ நேர் எதிராக 8க்கு மேல். இரண்டையும் போட்டுச் சர்க்கரையால் உரசினால் தோல் என்ன செய்யும், பாவம்!

மருந்துக் கடை கிரீமையும் எடுத்துப் போயிருந்தேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றார். சில நோய்களுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் நிறத்துக்காக நாமே வாங்கி மாதக் கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும், வரி வரியாக விழும், படர்தாமரை இருந்தால் பரவிவிடும். இந்த மாதிரி கிரீம்கள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் மத்திய அரசே உத்தரவு போட்டிருக்கிறதாம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஆண்டு விழா அன்று என் மகள் ஆடவில்லை. முழங்கை ஆறவில்லை. பார்வையாளர் வரிசையில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கும்மிப் பாட்டு வந்தபோது அவள் கை மடியில் தாளம் போட்டதைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் அம்மா சொன்ன ஒரு சொல்லை அவள் மறந்திருப்பாள். என் அவசரத்தால்தான் ஒரு வருஷம் ஆட்டம் போயிற்று.

புண் முழுசாக ஆறிய பிறகு, டாக்டரும் மாமியாரும் சொன்னபடி நாங்கள் செய்ததைக் கீழே எழுதுகிறேன். செலவில்லாதது, எரியாதது.

* முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். என் மகள் சிமெண்ட் தரையில் குப்புறப் படுத்து, இரண்டு முழங்கையையும் ஊன்றித்தான் படிப்பாள். பழைய மேஜை ஒன்றைத் துடைத்துக் கொடுத்தோம். மேஜை விளிம்பில் கை ஊன்றும் இடத்தில் பழைய துண்டை மடித்துப் போட்டேன். நான் முட்டி போட்டு வீடு துடைப்பவள். இப்போது நீளக் கம்பு வைத்த துடைப்பான்தான். பூஜைக்கோ ஜெபத்துக்கோ முட்டி போடுகிறவர்கள் சின்ன மெத்தை போட்டுக்கொள்ளலாம்.

* குளிக்க வெதுவெதுப்பான தண்ணீர், 10 நிமிஷம் போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போய்விடும். பீர்க்கங்கூடு, கால் தேய்க்கிற கல் இரண்டுக்கும் விடை கொடுத்துவிட்டேன்.

* குளித்ததும் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள், 3 நிமிஷத்துக்குள், தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் இரண்டு முழங்கைக்கும் இரண்டு முட்டிக்கும் தாராளமாகப் போதும். காய்ந்த தோலில் தடவுவதைவிட ஈரத் தோலில் தடவினால்தான் அந்த ஈரம் உள்ளேயே நிற்கும். இந்த ஒன்றைத் தினமும் செய்தாலே பாதி வித்தியாசம் தெரியும்.

* ராத்திரி படுக்கும்போது வாசலின் மாதிரி பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகப் பூசுங்கள். ரொம்பச் சொரசொரப்பாக இருந்ததால் டாக்டர் 10 சதவீத யூரியா கலந்த கிரீம் எழுதிக் கொடுத்தார். வெடிப்பும் புண்ணும் இருக்கும்போது அதைப் போட்டால் எரியும், ஆறிய பிறகுதான் போட வேண்டும்.

* வாரம் ஒரு முறை, சலித்த பயத்தம் மாவு 2 தேக்கரண்டியைப் பாலாடையில் குழைத்துப் பூசி, 10 நிமிஷம் கழித்து, காய்ந்து இறுகுவதற்குள் தண்ணீர் தொட்டு விரலால் மெதுவாகக் கழுவி விடுங்கள். உரசக் கூடாது. இதற்கு நிறம் மாற்றும் சக்தி எல்லாம் கிடையாது. சொரசொரப்பு அடங்கும், அவ்வளவுதான்.

* சோற்றுக் கற்றாழை போடுகிறவர்கள் மடலை வெட்டிக் கொஞ்ச நேரம் நிமிர்த்தி வையுங்கள். மஞ்சளாக ஒரு பால் வடியும். அது அரிக்கும். அது வடிந்த பிறகு உள்ளே இருக்கும் சோற்றை நன்றாக அலசி எடுக்க வேண்டும். எந்தப் புதுப் பொருளானாலும் முதலில் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகுமாம். அப்படியிருக்க "3 நாளில் கறுப்பு மறையும்" என்பதெல்லாம் எப்படி நடக்கும்? என் மகளுக்குச் சொரசொரப்பு போக 3 வாரம் ஆனது. எலுமிச்சை போட்ட தழும்பு மங்க 4 மாதம் ஆனது.

இன்னொரு விஷயத்தைச் சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். அன்றைக்கு மகளுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து, "உங்க கழுத்து எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார். பின்கழுத்தில் எனக்கு 2 வருஷமாகக் கறுப்பு. தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருக்கும். தாலிக் கயிறு அழுக்கு, மஞ்சள் கறை என்று நினைத்து அதையும் நான் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். "இது தேய்ச்சுப் போறதில்லைம்மா. உடம்புல சர்க்கரை ஏறப் போகுதுன்னு தோல் முன்கூட்டிச் சொல்லுது. ரத்தப் பரிசோதனை பண்ணுங்க" என்றார்.

எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு தலைசுற்றல்கூட வந்ததில்லையே! ஆனால் 3 மாதச் சர்க்கரை சராசரி 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருக்க வேண்டும். 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நான் நடு வாசலில் நின்றிருக்கிறேன். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்ததையும் அப்போதுதான் சொன்னேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று மகப்பேறு டாக்டரையும் பார்க்கச் சொன்னார். அன்றிலிருந்து காலையில் அரை மணி நேர நடை, ராத்திரிச் சோற்றில் பாதி குறைப்பு, டீக்குச் சர்க்கரை நிறுத்தம். 8 மாதத்தில் 5 கிலோ குறைந்தேன். சராசரி 5.6க்கு வந்திருக்கிறது. கழுத்துக் கறுப்பு ஒன்றும் பூசாமலே கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது.

ஆகவே தோழிகளே, முழங்கை, முட்டியோடு கழுத்து, அக்குள், விரல் கணுக்களிலும் வெல்வெட் மாதிரி கறுப்பு படர்ந்தால், உங்களுக்கானாலும் பிள்ளைகளுக்கானாலும் தேய்க்காமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெள்ளிச் செதில் மாதிரி உதிர்ந்து, கீழே சிவந்திருந்தால் அது சோரியாசிஸாக இருக்கலாம். அது ஒட்டுவாரொட்டி இல்லை, பயந்து ஒதுக்க வேண்டாம். வைத்தியம்தான் வேண்டும். அரிப்போ, நீர் கசிவோ, வெடிப்பில் ரத்தமோ இருந்தாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இந்த வருஷ ஆண்டு விழாவில் என் மகள் ஆடினாள். அதே கண்டாங்கி, அதே குட்டைக் கை. முழங்கை மிருதுவாகிவிட்டது. ஆனால் முகத்து நிறம் வரவில்லை, வரவும் வராது. கிளம்பும்போது, "கறுப்பு தெரியுதாடி?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "தெரிஞ்சா தெரியட்டுமேம்மா, முட்டின்னா அப்படித்தான் இருக்கும்னு டாக்டரே சொன்னாங்கல்ல" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

என் நோட்டில் எலுமிச்சம்பழக் குறிப்பு இருந்த பக்கத்தின் மேல், குறுக்கே பெரிதாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். உங்கள் நோட்டிலும் இருந்தால் தயவு செய்து போட்டுவிடுங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.