மாத்திரையும் சாராயமும்

"இந்த மாத்திரை போடுறப்ப கொஞ்சம் குடிச்சுக்கலாமுங்களா?" சம்பள நாளை ஒட்டி காய்ச்சல் வந்துவிட்டால் இந்தக் கேள்வி நம்மிடம் கட்டாயம் வரும். கேட்கிறதிலே வெட்கம் ஒன்றுமில்லை.

கிருமியைக் கொல்லும் மருந்துகளை அன்டிபயோட்டிக் என்கிறோம். அவை எல்லாமே மதுவோடு சண்டை போடுவதில்லை. சளிக்கும் புண்ணுக்கும் கொடுக்கிற அமொக்சிசிலின், கொஞ்சம் குடித்ததாலே வேலை செய்யாமல் போகாது. ஆனால் காய்ச்சல் உடம்பில் குடித்தால் நீர் வற்றும், தூக்கம் கெடும், குணமாக நாள் பிடிக்கும்.

சீதபேதிக்கும் பல்வீக்கத்துக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல் வேறு மாதிரி. 'ஃபிளஜில்' என்றால் பலருக்கும் தெரியும். சாராயத்தை ஈரல் இரண்டு படியாக உடைக்கிறது. முதல் படியில் ஒரு நச்சுப் பொருள் உண்டாகும். இரண்டாம் படியில் அதுவும் அழியும். இரண்டாம் படி அடைபட்டால் நச்சு தேங்கி, முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். 1930களில் அமெரிக்காவில் ரப்பர் தொழிலில் இருந்தவர்களுக்கு, அங்கே பயன்பட்ட ஒரு இரசாயனத்தால் இப்படித்தான் ஆனது. குடித்தால் தாங்கவில்லை! அதே இனத்து மருந்தை 1948இல் டென்மார்க் வைத்தியர்கள் குடியை நிறுத்தவே கொடுக்கத் தொடங்கினார்கள். மெட்ரோனிடசோலும் அப்படிச் செய்யும் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். அண்மைய ஆய்வுகள் சில இதைச் சந்தேகிக்கின்றன. ஆனாலும் மருந்து முடிந்து 2, 3 நாள் வரை தொடாமலிருப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். டினிடசோலுக்கு 3 நாள்.

எங்களுக்குப் பெரிய கவலை காசநோய் மருந்துதான். 6 மாதம் விடாமல் போட வேண்டும். அதிலுள்ள ஐசோனியசிட், ரிஃபம்பிசின், பைரசினமைட் மூன்றும் ஈரலைத் தாக்கக்கூடியவை. சாராயமும் அதே ஈரலைத்தான் தாக்கும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, சாப்பாடு பிடிக்காமல் போனால் அன்றைக்கே காட்டுங்கள். கசிப்பு குடிக்கிறவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்; அதில் என்ன கலந்திருக்கிறதென்று காய்ச்சினவருக்கே தெரியாது.

இன்னொரு பழக்கம் உண்டு. "இன்னைக்குக் குடிக்கப் போறேன், மாத்திரையை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவது. இது குடித்துவிட்டு மாத்திரை போடுவதை விட மோசம். விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அப்படிப் பழகின காசநோய் லயத்திலே பக்கத்துக் காம்பிராவுக்கும் தொற்றும். அதற்கு வைத்தியம் நீளமானது, கடினமானது. ஆகவே குடித்துவிட்டாலும் மாத்திரையை விடாதீர்கள், அடுத்த முறை போகும்போது குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின், தினமும் குடிக்கிறவர் உடம்பில் சீக்கிரம் கரைந்துபோகும். அதனால் எவ்வளவு குடிப்பீர்கள் என்று டாக்டரையா கேட்டால் குறைத்துச் சொல்ல வேண்டாம். அளவு பார்த்து எழுதத்தான் கேட்கிறார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அரிஷ்டத்திலும் மது இருக்கிறது. வீட்டில் அந்தப் போத்தல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.