‘எங்கே குறை?’ என்று கேட்டு ஜெயித்த ஓசூர் தொழிற்சாலை!

மேலதிகாரி ஒரு சின்னத் தவறைச் சுட்டிக்காட்டினாலே பலருக்கு முகம் வாடிவிடும். ஆனால், வெளிநாட்டு நிபுணர்களை வரவழைத்து, ‘எங்கள் வேலையில் எங்கே குறை?’ என்று கேட்டே உலக அளவில் பெயர் வாங்கிய தொழிற்சாலை ஒன்று நம் ஓசூரில் இருக்கிறது.

சொந்தக் காலில் நின்ற கதை

1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட்டை அறிமுகப்படுத்திய டி.வி.எஸ். மோட்டார், பிறகு ஜப்பானின் சுசுகியோடு சேர்ந்து பைக் தயாரித்தது. 2001-ல் அந்தக் கூட்டு முடிவுக்கு வந்தது. தொழில்நுட்பம் தந்த கூட்டாளி விலகிய பிறகு தாக்குப்பிடிக்க முடியுமா?

அதே ஆண்டு, சொந்தமாக வடிவமைத்த ‘விக்டர்’ பைக் வந்தது. 2002-ல், தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசும் கிடைத்தது. இருசக்கர வாகன நிறுவனம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை.

இது ஒரே நாளில் நடக்கவில்லை. இதே குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, 1998-லேயே இந்தப் பரிசை வென்றிருந்தது. ஜப்பானியப் பேராசிரியர் யோஷிகாசு சுடா போன்றவர்கள் வழிகாட்ட, அதைக் கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொண்ட பல வருட உழைப்பு அது.

பரிசுக்கு முன்னால் பரிசோதனை

டெமிங் ஓர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். போரில் நொறுங்கிக் கிடந்த ஜப்பான், 1950-ல் அவரை அழைத்துப் பாடம் கேட்டது. அடுத்த ஆண்டே அவர் பெயரில் இந்தப் பரிசைத் தொடங்கியது.

இதற்கு விண்ணப்பித்தால், தேர்வாளர்கள் தொழிற்சாலைக்கே வருவார்கள். நிர்வாகிகளில் தொடங்கி எல்லா மட்டத்தினரையும் கேள்வி கேட்பார்கள். எது நன்று, எதைத் திருத்த வேண்டும் என்று எழுதியும் கொடுப்பார்கள். தேறாத நிறுவனம் திருத்திக்கொண்டு மீண்டும் வரலாம்.

உங்களுக்கு என்ன பயன்?

தரத்தின் அடிப்படைப் பாடம் நான்கே சொற்கள்: திட்டமிடு, செய், சரிபார், திருத்து. யாராவது குறை சொல்வது மூன்றாவது படி. நான்காவது படி ஏறாவிட்டால், மற்ற மூன்றும் வீண். இதை உங்கள் வேலையிலும் செய்து பார்க்கலாம்.

* குறிப்பாகக் கேளுங்கள்: ‘நான் எப்படி வேலை செய்கிறேன் சார்?’ என்றால் ‘பரவாயில்லை’ என்றுதான் பதில் வரும். ‘இந்த போல்ட்டை முறுக்கியதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?’ என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

* செய்து காட்டச் சொல்லுங்கள்: தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று பல மொழிகள் புழங்கும் ஊர் ஓசூர். புரியாமல் தலையாட்டுவதைவிட, ‘ஒருமுறை செய்து காட்டுங்கண்ணா’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

* வேலையையும் ஆளையும் பிரித்துப் பாருங்கள்: ‘இந்த வெல்டிங் சரியில்லை’ என்பது ஆலோசனை. ‘நீ எதுக்கும் லாயக்கில்லை’ என்பது வசவு. முன்னதை ஏற்று, பின்னதை விட்டுவிடலாம்.

* திருத்தியதைக் காட்டுங்கள்: சில நாள் கழித்து, ‘நீங்கள் சொன்னதை மாற்றிவிட்டேன், பாருங்கள்’ என்று போய் நில்லுங்கள். அடுத்த முறை அவரே தேடி வந்து சொல்லித்தருவார்.

மேலதிகாரிகளுக்கும் ஒரு பாடம்

நிர்வாகங்களுக்கு டெமிங் சொன்ன 14 அறிவுரைகளில் ஒன்று, ஊழியர்களின் மனதிலிருந்து பயத்தை அகற்றுவது. ‘பீஸ் தப்பாகிவிட்டது’ என்று உண்மையைச் சொன்ன ட்ரெய்னிக்குத் திட்டு விழுந்தால், அடுத்த தவறை அவர் மறைப்பார். அந்த பீஸ் பிரேக்கில் போய் உட்கார்ந்தால், ஆபத்து வண்டி ஓட்டுபவருக்குத்தான்.

எனவே, சூப்பர்வைசர்களே... தவறைச் சொல்ல வருபவரிடம் முதலில், ‘சொன்னது நல்லது’ என்று சொல்லிப் பாருங்கள். ஊழியர்களே... இன்று ஷிஃப்ட் முடிவதற்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘நாளைக்கு நான் எதை மாற்றிச் செய்யட்டும்?’