ஒருத்தர் விட்டுப்போன எழுத்துப் பட்டறை

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

நெல்லிக்குப்பத்துல இருந்து இன்னொரு எபிசோட். இன்னைக்குப் பேசப்போறது ஃபான்ட் பத்தி இல்ல, ஃபான்ட்டைச் செய்யுற சாஃப்ட்வேர் பத்தி.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடையில தட்டின வரியை அப்படியே காப்பி பண்ணி வாட்ஸ்அப்ல போட்டுப் பாருங்க. பல நேரம் தமிழே வராது, ஆங்கில எழுத்தும் குறியீடுமா ஏதோ ஒன்னு வரும். 1990கள்ல வந்த பல தமிழ் ஃபான்ட்டுகள், ஆங்கில எழுத்துகளோட இடத்துல தமிழ் வடிவங்களை உட்கார வச்சவை. அதுதான் காரணம். அப்படி ஒரு ஃபான்ட்டை யூனிகோடுக்குக் கொண்டுவர ரெண்டு விஷயம் வேணும்: திருத்துற உரிமை, திருத்துற கருவி. இந்த ரெண்டாவதுலதான் இன்னைக்குக் கதை.

ஃபான்ட்டுக்குள்ள என்ன இருக்கு?

முதல்ல வளைவுகள். ஒவ்வொரு எழுத்தோட ஓரமும் புள்ளிகளும் அதுங்களை இணைக்கிற கோடுகளும்தான். அடுத்து விதிகள். யூனிகோடுல 'கு'ன்னு தனி எண் கிடையாது. 'க' ஒரு எண், உகரக் குறி இன்னொரு எண். ரெண்டும் சேர்ந்தா இந்த வடிவத்தைக் காட்டுன்னு ஃபான்ட்தான் சொல்லணும். கு, டு, து, சு எல்லாம் வேற வேற மாதிரி வளையுறதால, 18 மெய்க்கும் உகரம், ஊகாரம்னு 36 வடிவம் வரையணும். இதுல ஒரு விதி தப்பினாலும் வாசிக்கிறவர் கண்ணுல உடனே உறுத்தும்.

ரெண்டு கருவி, ரெண்டு விதி

1986ல ஆல்ட்சிஸ் நிறுவனம் ஃபான்டோகிராஃபர்னு ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர்ல ஃபான்ட் வரையுறதைச் சாதாரண ஆளுக்கும் சாத்தியமாக்கின கருவி அது. 1995ல மேக்ரோமீடியா அந்த நிறுவனத்தை வாங்கிச்சு. அதுக்கப்புறம் கருவி கிட்டத்தட்ட தூங்கிடுச்சு. 2005ல ஃபான்ட்லேப் வாங்கி, 2010ல ஐந்தாம் பதிப்பு வெளியிட்டது. ஆனா அது 32-பிட் புரோகிராம். 2019ல மேக் சிஸ்டம் 32-பிட்டைக் கைவிட்டதும், புது மேக்ல அது திறக்கிறதே இல்ல. கோட் நிறுவனத்தோட சொத்து, அதனால வெளியில இருக்கிற நம்மால எதுவும் செய்ய முடியாது.

இப்போ இன்னொன்னு. 2000ல ஜார்ஜ் வில்லியம்ஸ் என்பவர் பிஎஃப்ஏ-எடிட் என்ற பேர்ல ஒரு கருவி எழுத ஆரம்பிச்சார். 2004ல அதுக்கு ஃபான்ட்ஃபோர்ஜ்னு பேர் மாறிச்சு. ஃபோர்ஜ்னா உலைப் பட்டறை. பட்டன், மெனு வரைக்கும் அவரே எழுதினார். வருஷக்கணக்கா பெரும்பாலும் ஒரே ஆளோட உழைப்பு. 2012 வாக்குல அவர் ஒதுங்கிட்டார்.

எங்க ஐடி பாஷையில இதுக்கு 'பஸ் ஃபேக்டர்'னு பேர். எத்தனை பேர் பஸ்ஸுல அடிபட்டா ப்ராஜெக்ட் நிக்கும்னு கேட்டா, இங்க பதில் ஒன்னு. ஆனா ப்ராஜெக்ட் நிக்கல. கோட் திறந்த உரிமத்துல இருந்ததால, டேவ் கிராஸ்லேண்ட் உள்ளிட்ட சிலர் கையில எடுத்தாங்க. கோட் கிட்ஹப்புக்குப் போச்சு, புது ஆட்கள் வந்தாங்க, கத்துக்க ஒரு இலவசப் புத்தகமும் தயாராச்சு. 2020 மார்ச் வெளியீட்டுல பில்ட் முறையே புதுசாச்சு. யாரும் யாரையும் விலைக்கு வாங்கல, அனுமதியும் கேட்கல.

மீட்டா மட்டும் போதுமா?

போதாது. 2024ல ஃபான்ட்ஃபோர்ஜ்ல ரெண்டு பாதுகாப்பு ஓட்டை வெளியில வந்துச்சு. கோப்போட பேருக்குள்ளயே கட்டளையை ஒளிச்சு வச்சு, அதைக் கம்ப்யூட்டர் இயக்கும்படி செய்ய முடிஞ்சது. திருத்தினாங்க, சரி. ஆனா பழைய கோடைத் தொடர்ந்து யாராவது படிச்சுக்கிட்டே இருக்கணும்னு இது காட்டுது. தோற்றமும் பழசுதான், முதல் நாள் திறந்தா மிரளுவீங்க. தொழில்முறை டிசைனர்கள் பலர் விரும்புற கிளிஃப்ஸ் இதைவிட வழவழன்னு இருக்கும். ஆனா அது காசு கொடுத்து வாங்கணும், மேக்ல மட்டும்தான் ஓடும். கையில பழைய விண்டோஸ் லேப்டாப் மட்டும் இருக்கிற கடலூர்க் காலேஜ் பொண்ணுக்கு ஃபான்ட்ஃபோர்ஜ்தான் வாசல்.

நமக்கு இதுல என்ன?

ரெட் ஹேட் 2004ல வெளியிட்ட லோஹித் குடும்பத்துல தமிழும் உண்டு. அதோட மூலக்கோப்பு ஃபான்ட்ஃபோர்ஜோட சொந்த வடிவமான எஸ்எஃப்டி. அது வெறும் டெக்ஸ்ட் கோப்பு. ஒரு புள்ளியை நகர்த்தினா, எந்த வரி மாறிச்சுன்னு கிட் காட்டிடும்.

ஒரு உதாரணம். 1978ல அரசு 13 எழுத்துகளோட வடிவத்தை மாத்திச்சு: ணா, றா, னா, அதுங்களோட ஒகர ஓகார வரிசை, அப்புறம் ணை, லை, ளை, னை. தாத்தா காலத்துப் புத்தகத்தை அதே வடிவத்துல மறுபடி அச்சிடணும்னா பழைய 13 வடிவமும் வேணும். மூலக்கோப்பும் உரிமமும் கருவியும் கையில இருந்தா, நீங்களே வரைஞ்சு விதி எழுதிடலாம். இல்லன்னா யாராவது செய்து கொடுக்கிற வரைக்கும் காத்திருக்கணும்.

இது புதுசு இல்ல. சிதம்பரத்தைத் தாண்டி தெற்கே போனா தரங்கம்பாடி. 300 வருஷம் முன்னாடி ஜெர்மனியோட ஹாலே நகரத்துல வார்த்து அங்க வந்த தமிழ் அச்சுகள் ரொம்பப் பெருசு, காகிதத்தைத் தின்னுச்சு. சின்ன எழுத்தை அங்கேயே வார்த்துக்கிட்ட பிறகுதான் அந்தத் தொல்லை குறைஞ்சது. பட்டறை பக்கத்துல இருந்தாதான் எழுத்து நம்ம அளவுக்கு வரும்.

இந்த வார வீட்டுப்பாடம்: ஃபான்ட்ஃபோர்ஜை இறக்குங்க, லோஹித் தமிழோட எஸ்எஃப்டியைத் திறங்க, 'கு'வைத் தேடி ஒரே ஒரு புள்ளியை நகர்த்திப் பாருங்க. என்ன ஆச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!