முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும்

காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாக்கை நீட்டச் சொன்னால் நீட்டுவோம், மூச்சை இழுத்து விடச் சொன்னால் விடுவோம், எழுதிக்கொடுத்த சீட்டை மருந்துக் கடையில் கொடுப்போம். மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே காய்ச்சல் இறங்கிவிடும். இந்தப் பழக்கத்தோடுதான் பலரும் கவுன்சலிங்குக்கும் போகிறார்கள். நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, எதிரே இருப்பவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று தடவை போன பிறகு, ‘அவர் ஒன்றுமே சொல்லவில்லை, சும்மா கேட்டுக்கொண்டே இருந்தார்’ என்று நின்றுவிடுகிறார்கள். அல்லது அவர் சொன்னது மனசுக்கு ஒப்பாமல் இருந்தும், படித்தவர் சொல்கிறாரே என்று தலையாட்டிவிட்டு வந்து உள்ளுக்குள் புழுங்குகிறார்கள். டாக்டர் அறையில் நமக்கு உதவிய அந்தப் பணிவு, கவுன்சலிங் அறையில் நமக்கு எதிராகவே வேலை செய்கிறது. ஆலோசனைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமாக நான் சொல்வது இதைத்தான். அங்கே கேள்வி கேட்பதும், ஒப்பவில்லை என்று சொல்வதும் மரியாதைக் குறைவு ஆகாது. சிகிச்சை நடப்பதே அவற்றின் வழியாகத்தான்.

இதற்குச் சான்று இருக்கிறது. பேச்சுச் சிகிச்சையால் பலன் உண்டா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டையாக இருந்தது. அதைப் பெற்றவர்களும் பெறாதவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் தேறுகிறார்கள் என்று லண்டனிலிருந்து ஹான்ஸ் ஐசங்க் 1952-இல் எழுதினார். கால் நூற்றாண்டு கழித்து, 1977-இல், அமெரிக்காவின் மேரி ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களில் நடுத்தரமாகத் தேறியவர்கூட, பெறாதவர்களில் நூற்றுக்கு 75 பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். ஆனால் எந்த முறையைக் கையாண்டார்கள் என்பதைப் பொறுத்துப் பலன் பெரிதாக மாறவில்லை. அப்படியானால் எது வேலை செய்கிறது? எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் மூன்று விஷயங்களைச் சொன்னார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, அதற்காகச் செய்யும் வேலையில் உடன்பாடு, இருவருக்கும் இடையே உள்ள பிணைப்பு. 2018-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 295 ஆய்வுகளை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அனுபவத்தை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது இந்தக் கூட்டுறவு எங்கே வலுவாக இருந்ததோ அங்கே பலனும் கூடுதலாக இருந்தது. ஆளுக்கு ஆள் பலன் வேறுபடுவதில் சுமார் எட்டு சதவீதத்தைத்தான் இது விளக்குகிறது, உண்மைதான். ஆனால் எந்த முறையிலும், எந்த நாட்டிலும் இந்தத் தொடர்பு விடாமல் தென்படுகிறது. மூன்றில் இரண்டு பங்கு ‘உடன்பாடு’ என்பதைக் கவனியுங்கள். வாய் திறக்காத ஒருவரோடு யாரும் உடன்பாட்டுக்கு வர முடியாது.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. மைக்கேல் லாம்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 2005-இல் வெளியிட்டது அது. சிகிச்சையிலிருந்த 550 பேரில் யார் யாருடைய நிலை மோசமாகும் என்று அவர்களுடைய ஆலோசகர்களையே முன்கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். ஆலோசகர்கள் மூன்று பேரைத்தான் குறிப்பிட்டார்கள். உண்மையில் நாற்பது பேரின் நிலை மோசமானது. குறிப்பிட்ட அந்த மூவரில் ஒருவர்தான் இந்த நாற்பதில் இருந்தார். அவர்கள் அக்கறை இல்லாதவர்களோ திறமை இல்லாதவர்களோ அல்ல. எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையாட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தால், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ரத்தப் பரிசோதனைபோல இதற்கு ஒரு கருவி கிடையாது. உங்கள் வாய்தான் கருவி. ‘போன வாரம் நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது’, ‘இங்கே வந்துவிட்டுப் போனால் இரண்டு நாள் தூக்கம் வருவதில்லை’ என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அது தெரியவரும்.

சரி, யாரிடம் போவது? இதில்தான் நம் ஊரில் குழப்பம் அதிகம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலத்தில் பட்டம் பெற்றவர், மருந்து எழுதக்கூடியவர். மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதற்கான தொழிற்பயிற்சி பெற்று, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டியவர். சோதனைகள் நடத்துவார், சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். ‘கவுன்சலர்’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னாலோ, இரண்டாண்டு முதுகலைப் பட்டமும் மேற்பார்வையில் பெற்ற பயிற்சியும் உள்ளவரும் இருக்கலாம், சில வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் இருக்கலாம். ஆலோசகர்களையும் ஒரு பதிவு முறைக்குள் கொண்டுவரும் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் 2021-இல்தான் வந்தது. ஆகவே, ‘என்ன படித்திருக்கிறீர்கள்? எங்கே பயிற்சி பெற்றீர்கள்? எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள்? என்னைப் போன்ற பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல ஆலோசகர் இதற்குக் கோபப்பட மாட்டார். என்ன முறையில் வேலை செய்வார் என்றும் கேட்கலாம். பொதுவாக முறைகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும், வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓ.சி.டி. போன்ற சில நோய்களில் முறை மிகவும் முக்கியம். பயத்தைப் படிப்படியாக நேருக்கு நேர் சந்திக்கவைக்கும் பயிற்சி தெரிந்தவரைத்தான் அதற்குத் தேட வேண்டும். காதில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமே இல்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் இந்த விசாரிப்பெல்லாம் வேண்டாம். நேராக மனநல மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நிமிடத்தில் யாரும் பக்கத்தில் இல்லையென்றால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அந்த இலவசச் சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

படிப்பைவிடவும் நுட்பமான கேள்வி ஒன்று இருக்கிறது: இது யாருடைய இலக்கு? நம் வீடுகளில் ஒருவர் தனியாகக் கவுன்சலிங்குக்குப் போவதைவிட, அழைத்துப் போகப்படுவதே அதிகம். மகன் படிக்கவில்லை என்று அப்பா அழைத்து வருவார். மகள் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்று அம்மா அழைத்து வருவார். பணம் கொடுப்பது ஒருவர், நாற்காலியில் உட்காருவது இன்னொருவர். அந்த அறையில் ஆலோசகர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதை முதல் நாளே வாய்விட்டுப் பேசித் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால், கவுன்சலிங் என்பது பெற்றோரின் அதட்டல் இன்னொரு குரலில் வருவதாக முடிந்துவிடும். தன்பாலின ஈர்ப்புள்ளவர்களை ‘மாற்றுகிறேன்’ என்று சொல்லி நடத்தப்பட்ட சிகிச்சைகள் இதன் கொடிய வடிவம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவில் அத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அந்த உத்தரவை எழுதுவதற்கு முன், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டார். பதவியில் இருக்கும் ஒரு நீதிபதி அப்படிப் போய் உட்கார்ந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதோடு ஒட்டியது ரகசியம். நான் பேசுவது வீட்டுக்குப் போகுமா என்ற பயம் இருக்கும்வரை யாரும் மனம் திறக்க மாட்டார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சையில் தெரியவந்ததை ரகசியமாக வைத்திருப்பதைக் கடமையாக்குகிறது. விதிவிலக்குகளும் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்னும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்றவை. பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால் போக்சோ சட்டப்படி யாரானாலும் புகார் சொல்லியே ஆக வேண்டும். எதைச் சொன்னால் ரகசியம் காக்கப்படும், எதைச் சொன்னால் காக்க முடியாது என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ‘என் அப்பா போன் செய்து கேட்டால் என்ன சொல்லுவீர்கள்?’ என்று நேராகவே கேட்கலாம். முறையான பதிவில்லாத ஆலோசகர் என்றால் இந்த உறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மனமுடைந்து போனவரிடம் போய் இத்தனை கேள்வி கேள் என்று சொல்வது நியாயமா என்று கேட்கலாம். எழுந்து பல் விளக்கவே தெம்பில்லாதவர் எப்படி ஆலோசகரை விசாரிப்பார்? நியாயமான கேள்விதான். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்க வேண்டியதில்லை. படிப்பு, கட்டணம், நேரம் ஆகியவற்றை உடன் வருபவர் போனிலேயே விசாரித்துவிடலாம். வலிக்கிறது என்று சொல்வதும், புரியவில்லை என்று சொல்வதும்தான் நோயாளி தானே செய்ய வேண்டியவை. அதுவும் முடியாத நாளில் ‘இன்று என்னால் பேச முடியவில்லை’ என்று சொன்னாலே போதும், அதுவும் ஒரு தகவல்தான்.

உறவுக்கும் பலனில் பங்கு உண்டு என்றால் பாட்டி போதாதா, நல்ல சிநேகிதி போதாதா என்பது இன்னொரு வாதம். இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கோவாவில் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, முன்பு மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்கள் ஆறு முதல் எட்டு செஷன் ஆலோசனை தந்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களிடம் போனவர்களில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஆக, பட்டம் மட்டுமே குணப்படுத்துவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உள்ளூர்க்காரர்கள் முறையாகப் பயிற்றுவிக்கப்பட்டார்கள், மேற்பார்வையில் வேலை செய்தார்கள், ஒரு திட்டப்படி நடந்தார்கள். பாட்டியின் அன்புக்கு ஈடு இல்லை. ஆனால் பாட்டிக்கு மாமா பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அடுத்த கல்யாண வீட்டில் உங்களைப் பற்றிப் பேச ஆளும் உண்டு. உங்கள் வாழ்க்கையில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர் முன்னால் பேசும்போது கிடைக்கும் விடுதலை வேறு வகை.

நம் மக்களுக்கு அறிவுரைதான் வேண்டும், இந்தச் சமமாக உட்காரும் ஏற்பாடெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பவர்களும் உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி 1973-லேயே, இந்தியாவுக்குக் குரு-சீடன் உறவே சிகிச்சைக்குப் பொருத்தமான மாதிரியாகலாம் என்று எழுதினார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஆலோசகரைப் பார்த்தால் நம்மவர்களுக்குக் கைவிடப்பட்டதுபோல இருக்கும். எனக்கு வழி சொல்லுங்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம் மரபில் குரு என்றால் வாய்மூடிக் கேட்பது என்று யார் சொன்னது? மாணவன் எப்படிப் பாடம் கேட்க வேண்டும் என்று சொல்லும் நன்னூல், ஆசிரியர் சொன்னதை நன்றாகவே உள்வாங்கிக்கொண்டாலும் அதனால் கிடைப்பது கால்பங்குதான் என்று கணக்குப் போடுகிறது. கேள்வி கேட்பதையும் பாடம் கேட்கும் முறையிலேயே சேர்க்கிறது. அறிவுரை கேளுங்கள், கிடைத்ததைப் பற்றிக் கேள்வியும் கேளுங்கள். இரண்டும் நமக்குப் புதிதில்லை.

எனக்கே தயக்கம் தரும் எதிர்வாதம் ஒன்று உண்டு. பிடிக்கவில்லை என்றால் சொல், ஒப்பவில்லை என்றால் மாற்று என்று சொல்லிக்கொண்டே போனால், வலிக்கும் இடத்தைத் தொட்டதுமே எல்லோரும் ஓடிவிட மாட்டார்களா? ஓடுவார்கள். பழைய காயத்தைப் பற்றிப் பேசிய வாரம் முன்பைவிட மோசமாக உணர்வது சகஜம். அது ஆலோசகர் சரியில்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. அதனால்தான் சொல்லாமல் நின்றுவிடுவதையும், சொல்லிவிட்டு முடிவெடுப்பதையும் நான் பிரித்துப் பார்க்கிறேன். பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு எட்டாவது செஷன் வாக்கில் முன்னேற்றம் தெரிந்தது என்று 1986-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதைத் துல்லியமான அளவுகோலாகக் கொள்ளாமல், ஒரு கைவிளக்காகக் கொள்ளலாம். ஆரம்பத்திலேயே ‘நான்காவது முறை முடிந்ததும் எப்படிப் போகிறது என்று இருவரும் பேசலாமா?’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று உங்கள் அதிருப்தியைச் சொல்லும்போது அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். ‘அப்படியா, எந்த இடத்தில்?’ என்று கேட்பவரிடம் வலி இருந்தாலும் தொடரலாம். உங்களுக்கு ஒத்துழைக்கும் மனமில்லை என்று பழியை உங்கள்மேல் போடுபவரையும், வேலை நேரத்துக்கு வெளியே தனிப்பட்ட பழக்கத்துக்கு அழைப்பவரையும் விட்டு அன்றே விலகலாம்.

அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வசதி பெரும்பாலும் இல்லை என்பதை மறக்கக் கூடாது. நீண்ட வரிசை, சில நிமிடங்கள், அடுத்த முறை யார் இருப்பார்கள் என்று தெரியாத நிலை. அங்கே கேள்வி கேட்பது இன்னும் கடினம், இன்னும் அவசியமும்கூட. நேரம் குறைவாக இருப்பதால், வரும்போதே ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு வாருங்கள்: தூக்கமும் பசியும் எப்படி இருக்கிறது, போன தடவைக்குப் பிறகு கூடியதா குறைந்ததா, எது புரியவில்லை. தைராய்டு, ரத்தசோகை போன்றவையும் மனச்சோர்வுபோலவே தோற்றம் காட்டும் என்பதால், அந்தப் பரிசோதனைகள் எடுத்தாகிவிட்டதா என்பதையும் அதே தாளில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம்.